செவப்பக்கா மணிலாவுக்குப் போனாள்

இந்தியாவுக்காகப் பாடினேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் இன்றைக்கும் பாதிப் பேர் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையின்போது, வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம் என்று டீச்சர் சொல்லி வைத்த குரல் என்னுடையது. ஆம்பளைக் குரல். போனில் பேசினால் எதிரில் இருப்பவர் "சொல்லுங்க சார்" என்பார். அப்படிப்பட்ட நான் மணிலாவில் ஒரு பெரிய அரங்கத்தில், எத்தனையோ நாட்டுக்காரர்கள் முன்னால், கம்பெனிக் கோட்டில் தேசியக் கொடி குத்திக்கொண்டு பாடினேன். அது எப்படி நடந்தது என்று எனக்கே சில நாள் சந்தேகமாக இருக்கும். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை செய்வது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில். காரின் விளக்கு, ஹாரன், கண்ணாடி ஏற்றும் மோட்டார் எல்லாவற்றுக்கும் போகிற ஒயர்களைக் கலர் பார்த்து, வரிசை பார்த்து, ஒரு பெரிய பலகையின்மேல் படுக்கவைத்து, முனைகளைச் சொருகி, டேப் சுற்றிக் கட்ட வேண்டும். அந்தப் பலகைக்குப் போர்டு என்று பெயர். சொருகுவதற்கு ஒரு முறை உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதைத்தான் சொல்லித்தருவார்கள். தள்ளு. உள்ளே போய் உட்கார்ந்ததும் 'டக்' என்று சத்தம் வரும், அதைக் கேள். பிறகு லேசாக இழுத்துப் பார். கையோடு வராவிட்டால் சரியாக உட்கார்ந்துவிட்டது. ஒரு ஷிப்டு முழுக்க இதேதான். தள்ளு, டக், இழு.

காஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ் விடியற்காலையில் கிளம்பி வாலாஜாபாத், தென்னேரி கூட்ரோடு, சுங்குவார்சத்திரம் என்று ஆள் ஏற்றிக்கொண்டே போகும். எங்கள் போர்டில் நாங்கள் நாலு பேரும் அந்தப் பஸ்தான். ஒருவர் சர்ச் அக்கா. எங்கள் காலனிக்காரர், நினைவு தெரிந்த நாளிலிருந்து சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர், வயது ஐம்பதை நெருங்குகிறது. இன்னொருவர் பிள்ளையார்பாளையத்துத் தெலுங்கக்கா. புருஷன், மாமனார் எல்லோரும் தறிக்காரர்கள்; இவர் மட்டும் எனக்கு மாதச் சம்பளம்தான் பிடிக்கும் என்று பஸ் ஏறிவிட்டவர். மூன்றாவது, தென்னேரிப் பெண். பாலிடெக்னிக் முடித்தவள், எங்களில் சின்னவள், அவளுக்கு வாயைத் திறந்தால் பாட்டு. நாலாவது நான்.

பாட்டு வந்தது அவளால்தான். ஒரு தடவை புது மாடல் காருக்கு ஒயர் வரிசையை மாற்றிவிட்டார்கள். பழைய வரிசை கையில் ஊறியிருந்ததால் எல்லோரும் தப்புத் தப்பாகச் சொருகினோம். பிரித்துப் பிரித்துத் திரும்பக் கட்டினோம். இரண்டாவது நாள் தென்னேரிப் பெண், பஸ்ஸில் ஆள் ஏறுவதுபோல ஒயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தாள்.

செவப்பக்கா முன்ன வா
கருப்பக்கா பின்ன வா
நீலம்மா எங்க போன
நெளிஞ்சிக்கினு நிக்கறியே
தள்ளு... டக்... இழு

பச்சை ஒயரில் மஞ்சள் கோடு போட்ட ஒன்று உண்டு. அதை நாங்கள் அடிக்கடி மறந்துவிடுவோம். அதற்கு நான் ஒரு அடி கட்டினேன்.

பச்சையில மஞ்சக்கரை
பட்டு கட்டி வந்தவளே
ஓரமாப் போய் நில்லும்மா
ஒன் எடம் கடைசி எடம்
தள்ளு... டக்... இழு

தெலுங்கக்கா நடுவில் "எர்ரக்கா ரா, நல்லக்கா ரா" என்று தன் வீட்டுப் பேச்சில் சிவப்பையும் கறுப்பையும் கூப்பிடுவார். சர்ச் அக்காதான் அதைப் பாட்டாக்கினார். எல்லோரும் ஒரே குரலில் கத்தக் கூடாது, ஒவ்வொருத்தருக்கும் ஒரு வழி உண்டு என்று பிரித்துக் கொடுத்தார். என் முறை வந்தபோது நான் வேண்டாமென்று தலையை ஆட்டினேன். அவர் விடவில்லை. "ஒன் குரலு கீழ இருக்குது. வூடு கட்டும்போது கீழ எதுனா இருந்தாதான மேல நிக்கும்? பாடு" என்றார். நான் அடியில் நின்று ஒரே சுரத்தில் 'டக், டக்' என்று போட, மேலே மற்ற மூவரும் பாட, எனக்கு முதுகுத்தண்டில் சிலிர்த்தது. என் குரலுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இந்த நிலைமையில்தான் கேன்டீன் வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். கம்பெனிக்கு உலகத்தில் பல நாடுகளில் ஆலைகள் இருக்கின்றன. எல்லா நாடுகளுக்கும் சேர்த்துப் பாட்டுப் போட்டி. நாட்டுக்கு ஒரு குழு. வேலை செய்கிறவர்கள்தான் பாட வேண்டும், சினிமாப் பாட்டு கூடாது, மூன்று நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். இறுதிப் போட்டி பிலிப்பைன்ஸ் நாட்டில்.

எங்கள் எச்.ஆர். மேடம் சென்னைப் பெண், எங்களைவிட வயதில் சின்னவர், எதைச் செய்தாலும் ஓடிக்கொண்டேதான் செய்வார். நன்றாகப் பாடுகிறவர்கள் யார் என்று பஸ் டிரைவரைக் கேட்டு எங்கள் நாலு பேரையும் பிடித்தார். சென்னையிலிருந்து மியூசிக் தெரிந்த ஒருவரை வரவழைத்து ஒற்றுமை, உழைப்பு, உயர்வு என்று ஒரு பாட்டு தயார் செய்தார். பாட்டில் குறை ஒன்றுமில்லை. பாடியதுதான் சரியில்லை. நாலு பேரும் பரீட்சை எழுதுகிறவர்கள்போல நின்றோம். என்னை வழக்கம்போல ஓரத்தில் நிறுத்தி மெதுவாகப் பாடச் சொன்னார்கள்.

ஒரு நாள் ஒத்திகைக்குக் கூப்பிட மேடம் லைனுக்கே வந்தார். நாங்கள் பார்க்கவில்லை. அன்றைக்கு வேலை நெருக்கடி, கை ஓட வேண்டும் என்று செவப்பக்காவைப் பாடிக்கொண்டிருந்தோம். ஒரு கட்டு முடிந்து நிமிர்ந்தால் மேடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். வேலை நேரத்தில் பாடியதற்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"இதுக்கு அர்த்தம் என்ன?" என்று கேட்டார்.

"அர்த்தம்லாம் ஒண்ணும் இல்ல மேடம். ஒயர் கலரு" என்றாள் தென்னேரிப் பெண்.

மேடம் இன்னொரு தடவை பாடச் சொன்னார். அடுத்த கட்டு முடியும்வரை அங்கேயே நின்று கேட்டார். மறுநாள் ஒத்திகைக்குப் போனால் ஒற்றுமை, உழைப்பு, உயர்வைக் காணோம். இதைத்தான் பாடப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, மியூசிக்காரரிடம் போனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடிவிட்டார்.

இந்தியாவுக்கான தேர்வு எங்கள் கேன்டீனிலேயே நடந்தது. புனேயிலிருந்து ஒரு குழு, ஹரியானாவிலிருந்து ஒரு குழு. தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் தீர்ப்புச் சொல்ல வந்திருந்தார்கள். ஹரியானாக்காரர்கள் கிடார் வைத்திருந்தார்கள். புனேப் பெண்கள் டோலக்கி அடித்து ஆடியபோது சாப்பாட்டு மேஜையில் அடுக்கிய தட்டெல்லாம் குலுங்கியது. எங்களிடம் ஒரு வாத்தியமும் கிடையாது. ஒரு போர்டை மேடையில் தூக்கிவைத்து அதைச் சுற்றி நின்றோம், வேலை செய்கிற மாதிரியே கையை ஓட்டிக்கொண்டு பாடினோம். 'டக்' வரும்போது நான் பலகையில் உள்ளங்கையால் அடித்தேன். முதல் அடிக்குக் கேன்டீனில் சிரிப்பு. இரண்டாவது அடிக்கு எங்கள் ஷிப்டே சேர்ந்து 'டக்' என்றது.

முடிவைப் படிக்க மேடம் மைக்கைப் பிடித்தார். காகிதத்தைப் பார்த்தார். மைக்கை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு எங்களைப் பார்த்து ஓடிவந்தார். அவர் ஓடிவந்த விதத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. சர்ச் அக்கா கண்ணை மூடி ஜெபம் செய்தார். தெலுங்கக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது.

வீட்டில் நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார், ஸ்டாண்டு ஏகாம்பரநாதர் கோயில் பக்கம். விஷயத்தைச் சொன்னதும், இந்தியாவுக்கா, கம்பெனிக்கா என்று கேட்டார். கம்பெனிப் போட்டிதான், ஆனால் இந்தியாவுக்காக என்றேன். அவருக்கு அது போதும். அன்றிலிருந்து கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் ஒருவரும் தப்பவில்லை. ஏகாம்பரநாதரிலிருந்து காமாட்சியம்மன் கோயில் போய் இறங்குவதற்குள் என் மனைவி இந்தியாவுக்காகப் பாடப்போகிறாள் என்று சொல்லி முடித்துவிடுவார். நான் காய்கறி வாங்கப் போனால் தெரியாதவர்கள் வாழ்த்துச் சொன்னார்கள்.

சிக்கல் தென்னேரியில் வந்தது. அந்தப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் பேசியிருந்தார்கள். நாள் பார்த்ததில் நாங்கள் மணிலாவில் இருக்க வேண்டிய அதே வாரம் வந்து விழுந்தது. அவள் பஸ்ஸில் அழுதுகொண்டே சொன்னாள். மேடம் தான் வந்து பேசுவதாகச் சொன்னார். சர்ச் அக்கா வேண்டாமென்றார். ஆபீஸ்காரர் வந்தால் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் பிறகு பெண்ணைத் திட்டுவார்கள், நாம் போய்க் கேட்போம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என் வீட்டுக்காரர் ஆட்டோவிலேயே நானும் சர்ச் அக்காவும் போனோம். அவள் அப்பா நிலம் வைத்திருப்பவர், கட்சியில் இருப்பவர், உள்ளாட்சித் தேர்தலில் நின்று பார்த்தவர். நாங்கள் இன்னார் என்று அவருக்குத் தெரியும். எந்தத் தெரு என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. என் அம்மா காலத்தில் எங்கள் ஆட்கள் இந்த மாதிரி வீட்டுக்குப் பின்பக்கமாகத்தான் வருவார்கள். நான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டே பேசத் தயாராக இருந்தேன். சர்ச் அக்கா தயாராக இல்லை. "உள்ள வரலாமா?" என்று கேட்டுக்கொண்டே படி ஏறிவிட்டார். அவள் அப்பா எங்களையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் அம்மா கூடத்து மின்விசிறியைப் போட்டு, இரண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர்கள் குடிக்கிற டம்ளரிலேயே டீ வந்தது. நான் சூடு பார்க்காமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

அப்பா எங்களைக் குறுக்கு விசாரணை செய்தார். எத்தனை நாள், யார் யார் வருகிறார்கள், ஆண்கள் உண்டா, பாட்டு எதைப் பற்றி. ஒயரைப் பற்றி என்றதும் நம்பவில்லை. பெண் கதவோரம் நின்று நாலு வரி பாடிக் காட்டினாள். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேட்டார்.

சர்ச் அக்கா நிதானமாகச் சொன்னார்: "நிச்சயத்த அடுத்த மாசம் வெச்சிக்கலாங்க. இந்தியாவ அடுத்த மாசம் வெச்சிக்க முடியாது."

அந்த அப்பா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, உங்கள் நாலு பேரும் சேர்ந்த போட்டோ ஒன்று வேண்டும், கிடைக்குமா என்பதுதான். எதற்கு என்று புரியாமல் விழித்தேன். "பேனர் வெக்கணும்ல" என்றார்.

மாப்பிள்ளையே போகட்டும் என்று சொல்லிவிட்டாராம். நாங்கள் கிளம்பின வாரத்தில் தென்னேரி கூட்ரோட்டில் பேனர் நின்றது. மேலே அவர்கள் கட்சித் தலைவர்கள், பக்கத்தில் கும்பிட்டபடி பெரிதாக அவர், கீழே கம்பெனி கோட்டும் தொப்பியுமாக நாங்கள் நாலு பேர். 'தாய்நாட்டின் குரல்களே வருக வெல்க' என்று எழுதியிருந்தது. பஸ் அங்கே நிற்கும்போது எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்தோம். அந்த ஊர்க் கூட்ரோட்டில் என் முகம் அவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. பஸ் நகர்ந்த பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

உடைக்கும் ஒரு சண்டை வந்தது. காஞ்சிபுரம் என்றால் பட்டுப் புடவைதானே என்று மேடம் ஆசைப்பட்டார். பட்டில் பிறந்து பட்டில் வாழ்கிற தெலுங்கக்காதான் மறுத்தார். வேலை செய்கிற கை வேகமாக ஓட வேண்டும், முந்தானையைப் பிடித்துக்கொண்டு எப்படி ஒயர் சொருகுவது என்றார். கடைசியில் எங்கள் நீலக் கோட்டிலேயே போவது என்று முடிவானது. பட்டை மணிலாவில் சாப்பிடப் போகும்போது கட்டிக்கொள்ளலாம் என்று மேடத்தைச் சமாதானப்படுத்தினோம்.

நாலு பேரில் யாரும் அதற்குமுன் விமானம் ஏறியதில்லை. அதைப் பற்றி எழுதினால் தனியாக எழுத வேண்டும். மணிலாவில் இறங்கியதும் முதலில் சந்தோஷப்பட்டது சோற்றைப் பார்த்துத்தான். மூன்று வேளையும் சோறு தின்கிற ஊர். சர்ச் அக்கா, இவங்க நம்ம ஜனங்கதான் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டார்.

போட்டி காலையில் தொடங்கியது. அரங்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் அந்த ஊர் ஆலையில் வேலை செய்கிறவர்கள். மற்ற நாட்டுக் குழுக்கள் முன்வரிசைகளில். மெக்சிகோக்காரர்கள் பாவாடை சுழலச் சுழல ஆடினார்கள். மொராக்கோப் பெண்கள் கையில் தட்டுகிற வட்டப் பறையை வைத்துக்கொண்டு பாடியபோது என் கால் தானாகத் தட்டியது. அடுத்தது பிலிப்பைன்ஸ். ஐந்து பெண்கள், வெள்ளைச் சட்டை, வாத்தியம் இல்லை. பாட்டின் அர்த்தம் எனக்குத் தெரியாது. வெளிநாட்டு வேலைக்குப் போன அம்மாவுக்குப் பிள்ளைகள் போனில் பாடுகிற பாட்டு என்று பிறகு சொன்னார்கள். நடுவில் ஒரு பருத்த பெண் தனியாகக் குரலை எடுத்து, மெல்ல மெல்லக் கீழே கொண்டுவந்து வைத்தார். அரங்கத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. சர்ச் அக்கா என் காதில், "ஐயோ, இவங்களுக்கு அப்புறமா நாம?" என்றார்.

ஆமாம். அவர்களுக்கு அப்புறம் நாங்கள்தான்.

மேடையில் வெளிச்சம் கண்ணைக் கூசியது. ஜனங்கள் தெரியவில்லை, இருட்டுதான் தெரிந்தது. அந்த ஊர் ஆலையிலிருந்தே ஒரு போர்டைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நான் போர்டின்மேல் கையை வைத்தேன். அதே ஆணிகள், அதே வளைவுகள், அதே இடத்தில் அதே எண்கள். எங்கள் போர்டேதான். அதைத் தொட்டதும் என் பயம் பாதி குறைந்தது. நான் உள்ளங்கையால் ஒரு அடி அடித்தேன்.

முதல் நாலு வரிக்கும் அமைதி. எங்கள் பாஷை அங்கே யாருக்குத் தெரியும்? செவப்பக்கா என்றால் என்ன கண்டார்கள்? 'தள்ளு' என்று நாலு பேரும் கையை முன்னால் கொண்டுபோனோம். 'டக்.' 'இழு' என்று பின்னால் இழுத்தோம். இருட்டில் எங்கேயோ ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. தெருவில் போகும்போது எதிரே தெரிந்தவரைப் பார்த்தால் வருமே, அந்தச் சிரிப்பு. இரண்டாவது தடவை முன்வரிசையில் மெக்சிகோப் பெண்கள் கையைத் தூக்கித் தள்ளினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் இதே வேலைதான் செய்கிறார்கள். எந்த நாட்டுப் பெண்ணாக இருந்தாலும் முதல் நாள் கற்றுக்கொண்டது இதைத்தான். தள்ளு, டக், இழு.

பச்சையில் மஞ்சள்கரைக்கு வந்தபோது, தென்னேரிப் பெண் போர்டில் அந்தப் பச்சை ஒயரைத் தூக்கிக் காட்டி ஓரத்தில் கொண்டுபோய் வைத்தாள். அரங்கமே ஓவென்றது. அதை எல்லா ஊரிலும் மறக்கிறார்கள்போல. அடுத்த 'டக்' எங்கள் வாயிலிருந்து வரவில்லை, கூட்டத்திலிருந்து வந்தது. ஆயிரம் பேர் உட்கார்ந்த இடம் ஒரே வாயாகச் சொன்னது. அந்தச் சத்தம் என் மார்பில் வந்து இடித்தது. தென்னேரிப் பெண்ணுக்கு ஆவேசம் வந்துவிட்டது. டார்கெட் நெருங்கும்போது எப்படி வேகம் பிடிப்பாளோ அப்படிப் பிடித்தாள். சர்ச் அக்கா முறைத்தார், பிறகு அவரே சிரித்துவிட்டு அவளோடு ஓடினார். நான் அடியில் 'டக் டக்' என்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் குரல் அரங்கத்தின் கடைசிவரை போய் மோதித் திரும்புவது எனக்கே கேட்டது. கடைசி 'இழு'வில் நாலு பேரும் பின்னால் சாய்ந்து நின்றபோது, எதிரே எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

எல்லா நாடும் பாடி முடித்ததும் ஓட்டு. ஒவ்வொரு குழுவும் மற்ற நாடுகளுக்குப் புள்ளி போட வேண்டும், தன் நாட்டுக்குப் போடக் கூடாது. சிறந்த பாட்டுக்குப் பத்து, அடுத்ததற்கு எட்டு, பிறகு ஆறு, நாலு, இரண்டு. மற்றவற்றுக்கு ஒன்றும் இல்லை. எங்கள் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்துத் தனி அறையில் உட்காரவைத்தார்கள்.

தெலுங்கக்கா கணக்குத் தெரிந்தவர். நமக்குப் போட்டி பிலிப்பைன்ஸ்தான், அவர்களுக்கு ஒன்றும் போடாமல் விட்டால் நமக்கு நல்லது என்று வெளிப்படையாகச் சொன்னார். அதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. போட்டி என்றால் அப்படித்தானே என்று நானும் தலையாட்டினேன்.

தென்னேரிப் பெண்தான் டேப்லெட்டைக் கீழே வைத்தாள். "அக்கா, அந்தம்மா பாடும்போது எனக்கு முடியெல்லாம் நட்டுக்கினு நின்னுது. உங்களுக்கு நிக்கலியா?"

எல்லோருக்கும் நின்றிருந்தது. சர்ச் அக்கா தெலுங்கக்காவைப் பார்த்தார். தெலுங்கக்கா கூரையைப் பார்த்துவிட்டு, "சரி, பத்து போடு" என்றார். மொராக்கோவுக்கு எட்டு.

சாப்பாட்டுக்குப் பிறகு முடிவு சொன்னார்கள். நாடு நாடாகத் திரையில் புள்ளி வந்தது. ருமேனியா எங்களுக்குப் பத்து. மெக்சிகோ எங்களுக்குப் பத்து. வியட்நாம் பிலிப்பைன்ஸுக்குப் பத்து, எங்களுக்கு எட்டு. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் எழுந்து குதித்தோம். மேடம் ஒரு கையில் போனைப் பிடித்து எங்கள் கேன்டீனைக் காட்டினார். அங்கே மதிய ஷிப்டும் காலை ஷிப்டும் ஒன்றாக நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். பிலிப்பைன்ஸ் போட்ட ஓட்டில் பத்து எங்களுக்கு. அந்தப் பருத்த பெண் தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துக் கையை முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தார்.

கடைசியில் ஒரு நாட்டு ஓட்டுதான் பாக்கி. நாங்கள் ஆறு புள்ளி முன்னால் முதலிடத்தில். பிலிப்பைன்ஸ் இரண்டாவது. பாக்கி இருந்த ஓட்டு இந்தியாவின் ஓட்டு.

கேன்டீனில் கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள். எந்தப் பைத்தியம் போட்டியாளனுக்குப் பத்து போடும்? மேடத்துக்கும் நாங்கள் என்ன போட்டோம் என்று தெரியாது. அவர் அழுதுகொண்டே சிரித்தார். அந்த அரங்கத்தில் நாங்கள் நாலு பேர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். எனக்கு டேப்லெட்டைத் திரும்பக் கேட்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இரண்டு புள்ளி யாருக்கோ போயிற்று, நாலு யாருக்கோ, ஆறு யாருக்கோ. எட்டு, மொராக்கோ. அரங்கம் மெல்ல அடங்கியது. இன்னும் பிலிப்பைன்ஸின் பெயர் வரவில்லை என்பது எல்லோருக்கும் புரிய ஆரம்பித்தது. நான் பக்கத்தில் பார்த்தேன். தெலுங்கக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

பத்து, பிலிப்பைன்ஸ்.

அவர்களுக்கே முதலில் புரியவில்லை. திரையில் அவர்கள் பெயர் மேலே ஏறி எங்கள் பெயர் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பருத்த பெண் திரும்பி எங்களைத் தேடினார். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். தென்னேரிப் பெண்ணை அப்படியே இடுப்போடு தூக்கிவிட்டார். மற்ற நாலு பேரும் எங்கள்மேல் வந்து விழுந்தார்கள். எங்கள் கூச்சலில் தோற்றவர் யார், ஜெயித்தவர் யார் என்று ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது. நானும் கத்தினேன், அந்த ஆம்பளைக் குரலில், வாய்விட்டு. அன்றைக்குச் சாயங்காலம் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு அவர்களோடு சாப்பிட்டோம், அவர்கள் பாட்டை அவர்களே எங்களுக்கு வரி வரியாகச் சொல்லித்தந்தார்கள்.

சென்னையில் இறங்கியபோது என் வீட்டுக்காரர் நண்பரின் வேனை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கூடவே மாலைகளோடு தென்னேரிப் பெண்ணின் அப்பா. மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், எல்லாம் சரி. வேன் கிளம்பியதும் இருவரும் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு எங்களைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெயித்தாயிற்று என்று நினைத்து ஸ்டாண்டில் முன்னாடியே பட்டாசு வெடித்துத் தொலைத்துவிட்டோம், பிறகு ஒவ்வொருத்தனுக்கும் பதில் சொல்லி மாளவில்லை என்று என் வீட்டுக்காரர் புலம்பினார்.

"நானும் எலெக்‌ஷன் பார்த்தவன்மா" என்றார் அந்த அப்பா. "எதிர்க்கட்சிக்குப் போய் யாராவது ஓட்டுப் போடுவாங்களா? அட, செல்லாத ஓட்டாவது போட்டிருக்கலாம்ல."

ஸ்ரீபெரும்புதூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் என் வீட்டுக்காரர், கண்ணாடியில் என்னைப் பார்த்து, அப்படி என்னதான் பாடினார்கள், ஒரு தடவை பாடிக் காட்டு என்றார்.

சர்ச் அக்கா சுருதி கொடுத்தார். தென்னேரிப் பெண் மேலே எடுத்தாள். தெலுங்கக்கா நடுவில், நான் கீழே. அர்த்தம் தெரியாத சொற்கள், உச்சரிப்பு சரியா என்றும் தெரியாது. அந்தக் குரல் மெல்ல இறங்குகிற இடம் வந்தபோது என் வீட்டுக்காரர் ஹாரன் அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காமல் வேகத்தைக் குறைத்தார். பாடி முடித்தோம். சுங்குவார்சத்திரம் கடைகள் வர ஆரம்பித்தன.

"பத்து குடுக்கலாம்" என்றார் அவர்.

அந்த அப்பாவும் தலையாட்டினார். "நல்ல பாட்டுதான். ஆனா எட்டு குடுத்துட்டு வந்திருக்கலாம். நாமளும் ஜெயிச்சிருப்போம்."

பின்சீட்டிலிருந்து தெலுங்கக்கா, எட்டு கொடுத்திருந்தாலும் இரண்டு புள்ளியில் தோற்றுத்தான் இருப்போம் என்று கணக்குச் சொன்னார். அந்த அப்பா விரல்விட்டு ஒரு தடவை கூட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகுதான் அவரும் சிரித்தார்.